எலும்புக்கூட்டுப் படைக்காக ஒரு வார்த்தை

'ஆர்மி ஒஃப் டார்க்னஸ்' படத்தில் எலும்புக்கூடுகள் பொம்மை மாதிரி ஆடுகின்றன, இதெல்லாம் ஒரு பேய்ப்படமா என்று கட்டுரையில் அலுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பொம்மை மாதிரி ஆடுவதுதானே விஷயமே! பொம்மையை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் படம் பிடித்த ரே ஹரிஹவுசனுக்கு இந்தப் படத்தை இயக்கிய சாம் ரெய்மி போட்ட கும்பிடு அது.

வெள்ளவத்தையில் வாடகைக்கு எடுத்த கசெட்டில்தான் முதலில் பார்த்தோம். ஆங்கிலம் தெரியாத அம்மம்மாவும் கூட இருந்தா. மந்திரப் புத்தகத்தை எடுக்குமுன் சொல்லவேண்டிய மூன்று சொல்லில் கடைசிச் சொல் மறந்துபோய், கதாநாயகன் புரூஸ் கம்பல் இருமிச் சமாளிப்பாரே, அந்த இடத்தில் அவ சிரித்த சிரிப்பு! "மந்திரத்தைப் பிழையாச் சொன்னா பேய் சும்மா விடுமே?" என்றா. வெட்டுப்பட்ட கையில் மரம் அரியும் மெஷினை மாட்டிக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்து யார்தான் பயப்படுவது?

அப்புறம், நீங்கள் பார்த்தது எந்தப் பிரதி? கடையில் சண்டையோடு முடிவது ஸ்டூடியோ கேட்டு மாற்றிய முடிவு. ரெய்மி முதலில் எடுத்ததில் பழைய காலத்தில் மாட்டிக்கொண்ட கதாநாயகன், தன் காலம் வரும்வரை தூங்கவைக்கும் மருந்தில் சொட்டுக் கணக்குத் தப்பிக் கூடக் குடித்து, அளவுக்கு மிஞ்சித் தூங்கி, உலகமே அழிந்தபிறகு எழும்புவான். சொட்டு எண்ணத் தெரியாதவனுக்கு அதுதான் சரி.