பாம்புக்கு வயதாவது நல்லது

பாம்பு வளர்ப்பவர்களிடம் எல்லோரும் கேட்பது குட்டிப் பாம்பின் படத்தைத்தான். பென்சில் தடிமனில் விரலைச் சுற்றிக்கொண்டு நிற்கும் அந்தப் படத்துக்கு விழும் லைக்கில் பாதிகூட வளர்ந்த பாம்புக்கு விழாது. குட்டி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாம்போடு வாழும் சுகம் அதற்கு வயது ஏற ஏறத்தான் கூடுகிறது என்பது என் கட்சி. (சட்டம் அனுமதிக்கிற, வளர்ப்பிடத்திலேயே பிறந்த, நஞ்சற்ற இனங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். காட்டில் பிடித்ததைக் கொண்டுவந்து அடைப்பதை நான் வளர்ப்பு என்றே சொல்ல மாட்டேன்.)

பலரும் வீட்டில் வளர்க்கும் நஞ்சற்ற அமெரிக்கப் பாம்பான கார்ன் ஸ்நேக்கையே (corn snake) எடுத்துக்கொள்வோம். முட்டையிட்டு ஏறக்குறைய 2 மாதத்தில் குட்டி, மேல்தாடை நுனியில் முளைத்த தற்காலிகப் பல்லால் ஓட்டைக் கீறும். கீறியதும் வெளியே வந்துவிடாது. தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும், பிடிக்கவில்லையென்றால் உள்ளே போய்விடும். ஒரு நாள் முழுக்க இதே கூத்து நடக்கும், சில சமயம் அதற்கு மேலும். வெளியே வந்து ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டையை உரிக்கும். இரை கொடுப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

அந்த வயதில் அதற்கு நாம் யார்? தின்ன வந்த பூதம். கை நீட்டினால் வாலைப் படபடவென்று அடிக்கும், கழுத்தை வளைத்துப் பாயும், இல்லையென்றால் நாற்றமடிக்கும் திரவத்தைக் கையில் பூசிவிட்டு நழுவும். இத்தனூண்டு உடம்பில் இவ்வளவு கோபமா என்று நமக்குச் சிரிப்பு வருகிறது. அதற்கோ உயிர்ப் பிரச்சினை. இரையைத் தொட மறுத்தால் நமக்கும் தூக்கம் போய்விடும்.

அடுத்த ஓரிரண்டு வருடம் நிறமும் சட்டையும்தான் வேடிக்கை. பச்சை மரப் பைத்தான் என்ற மலைப்பாம்பு மஞ்சளாகவோ செங்கல் நிறத்திலோ பிறந்து, பிறகுதான் பச்சையாகிறது. கார்ன் ஸ்நேக் குட்டியிடம் இல்லாத மஞ்சள், வளர வளரக் கழுத்தோரம் ஏறும். வேகமாக வளர்வதால் அடிக்கடி உரிக்கும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே திரவம் ஊறுவதால் அதற்கு முன் கண் வெளுத்து நீலம் பாய்ந்திருக்கும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் தெளிவான செதிலும் சட்டையோடு கழன்றுவர வேண்டும். அதனால் சட்டை கையில் கிடைத்ததும் நான் முதலில் தேடுவது அந்த இரண்டு வட்டங்களைத்தான். மூக்கிலிருந்து வால்வரை கிழியாமல் ஒரே துண்டாக வந்த சட்டையை எடுத்துப் பார்ப்பதில் இருக்கும் திருப்தி, வளர்க்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது.

அப்புறம் ஒருநாள் அது ஓடுவதை நிறுத்திவிடும். எந்த நாள் என்று சொல்ல முடியாது. கூண்டைத் திறந்தால் நாக்கை நீட்டிக் காற்றைச் சுவைக்கும். நாக்கில் ஒட்டிய வாசனையை வாயின் மேற்புறத்தில் இருக்கும் உறுப்பு அறிந்துகொள்ளும். பிறகு அவசரமில்லாமல் கையில் ஏறும். இதற்குப் பெயர் பாசமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். இந்தக் கையால் ஆபத்தில்லை என்று பழகியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும். வாலாட்டாத, கொஞ்சச் சொல்லிக் கேட்காத ஒரு உயிர் நம் தோளில் நிதானமாக நகர்வது தனி சுகம்.

முதல் பாம்பு வாங்குகிறவர்களுக்கு வளர்ந்ததையே வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒழுங்காகத் தின்கிறதா, குணம் எப்படி என்பதெல்லாம் முன்பே தெரிந்துவிடும். இரையும் 10, 14 நாளுக்கு ஒருமுறை போதும். தின்ற பிறகு 2 நாள் கையில் எடுக்காமல் விட்டால் சரி. பால் பைத்தான் (ball python, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு) இனத்தில் வளர்ந்த ஆண், இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும், புதியவர்கள் அலறிவிடுவார்கள். எடை பெரிதாக இறங்காதவரை அலற ஒன்றுமில்லை.

முதுமையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கார்ன் ஸ்நேக் 15, 20 வருடம் இருக்கும், பால் பைத்தான் 30-ஐயும் தொடும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்துக்கு 1961-ல் வந்த பால் பைத்தான் ஒன்று, பல ஆண்டுகளாக ஆண் துணையே இல்லாமல் இருந்தும், 2020-ல் 7 முட்டை இட்டது. அப்போது அதற்கு 60 வயதுக்கு மேல். எல்லாப் பாம்பும் அப்படி இருக்காதுதான். வயதானதுக்குக் கிளையைத் தாழ்த்திக் கட்ட வேண்டும், இரையைச் சிறிதாக்க வேண்டும். அந்தச் சின்னச் சின்ன வேலைகள் எனக்குப் பிடித்திருக்கின்றன.

பத்து வயது தாண்டிய பாம்புக்கு யாராவது வீடு தேடிக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். ஒரே நிபந்தனை, இதுவரை என்ன தின்றது, கடைசியாக எப்போது உரித்தது என்ற விவரமும் கூடவே வர வேண்டும்.