போவதும் வருவதும்

(ரங்கூன், பன்சோடான் தெரு. நடைபாதைப் பழைய புத்தகக்காரர்கள் கடைகளை மூடிக்கொண்டிருக்கும் மாலை ஏழு மணி. மின்சாரம் நின்றுபோன ஒரு ஜெராக்ஸ் கடையில் மெழுகுவர்த்தி எரிகிறது. மாணவர் மூச்சிரைக்க நுழைகிறார்.)

மாணவர்: மாமா, நாளைக் காலை ஒன்பது மணிக்குள் இயற்பியல் செய்முறை நோட்டை ஒப்படைக்காவிட்டால் தேர்வுக்கூடத்தின் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கையேட்டின் ஒரு படி உங்களிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

கடைக்காரர்: இருக்கிறது மருமகனே. உன் வகுப்பில் ஏறத்தாழ எல்லோரும் போன மாதமே படியெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நீ மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாய்?

மாணவர்: முதலில் மேல்வகுப்பு அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். அவர் தம் கையேட்டைத் தங்கைக்குக் கொடுத்திருந்தார். அந்தத் தங்கை பழைய தாள்களோடு சேர்த்து அதை பர்மிய நூடுல்ஸ் விற்கும் அத்தோக் கடைக்கு எடைக்குப் போட்டிருந்தார். நான் தேடிப் போனபோது, வெர்னியர் அளவி பற்றிய பக்கத்தில் ஒருவர் வடை தின்றுகொண்டிருந்தார்.

கடைக்காரர்: அறிவு வயிற்றுக்குள் போவதை இன்றுதான் கேள்விப்படுகிறேன். ஆனால் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை.

மாணவர்: என் கைப்பேசியும் அணைந்துவிட்டது. கையேட்டை இன்றிரவு மட்டும் வீட்டுக்குக் கொடுங்கள்.

கடைக்காரர்: இந்த வாசலைத் தாண்டிய புத்தகம் எதுவும் இதுவரை திரும்பியதில்லை. உட்கார்ந்து எழுது.

மாணவர்: எழுதுவேன், ஆனால் தனி ஊசல் சோதனை நடந்த நாளில் நான் வகுப்புக்குப் போகாததால் அளவீடுகளே இல்லை. உங்களிடம் நூலும் கனமான குண்டும் இருக்கின்றனவா?

கடைக்காரர்: நூல் உண்டு. குண்டுக்குக் கடைப் பூட்டு போதுமா?

(மாணவர் பூட்டை நூலில் கோத்து, அழுத்திப் பூட்டி, விட்டத்தில் கட்டுகிறார். தையல் அளவு நாடாவால் பூட்டின் நடுப்பகுதி வரை அளந்து, 39 அங்குலம், அதாவது 99 சென்டிமீட்டர் என்று குறித்துக்கொள்கிறார்.)

கடைக்காரர்: பூட்டு இலேசாயிற்றே! ஒரு வீசைக் கல்லைக் கட்டினால் விரைவாக ஆடும். நம் ஊர் வீசை அல்ல; 1.63 கிலோ வரும் பர்மா வீசை.

மாணவர்: எந்த வீசையைக் கட்டினாலும் அலைவு நேரம் மாறாது, மாமா. நீளமும் ஈர்ப்பும்தான் அதை முடிவு செய்கின்றன. மெதுவாக விடுங்கள், கோணம் பெரிதானால் கணக்கு பிசகும். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறேன், நீங்கள் இருபது அலைவுகளை எண்ணுங்கள்.

கடைக்காரர்: ஒன்று… இரண்டு… பத்தொன்பது… இருபது!

மாணவர்: இருபது விநாடி. அப்படியானால் அலைவு நேரம் ஒரு விநாடி. நான்கு பை வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால்… ஈர்ப்பு முடுக்கம் 39! மாமா, வியாழன் கோளிலேயே ஏறத்தாழ 25தான்.

கடைக்காரர்: ரங்கூனில் எல்லாமே விலை ஏறிவிட்டது.

மாணவர்: நீங்கள் எப்படி எண்ணினீர்கள்?

கடைக்காரர்: போவது ஒன்று, வருவது ஒன்று. சைக்கா ஓட்டும் சைக்கிள் ரிக்ஷாக்காரர் என்னிடம் கூலி வாங்குவது அப்படித்தானே?

மாணவர்: போய் வந்தால்தான் ஓர் அலைவு, மாமா! இரண்டு மடங்கு எண்ணியதால் நேரம் பாதியாகி, விடை நான்கு மடங்காகிவிட்டது. மறுபடி எண்ணுங்கள்.

(இந்த முறை நாற்பது விநாடி ஆகிறது.)

மாணவர்: இரண்டு விநாடி! விடை 9.77. பூமிக்குத் திரும்பிவிட்டோம்! அட்டவணைக்கு இன்னும் நான்கு நீளங்களுக்கு அளக்க வேண்டும்.

கடைக்காரர்: அதை நாளை பார்க்கலாம். நேரமாகிவிட்டது, பூட்டைக் கழற்றித் தா. கடையை அடைக்க வேண்டும்.

மாணவர்: நூலை அவிழ்த்துவிட்டேன். பூட்டைத் திறக்கச் சாவியைக் கொடுங்கள்.

கடைக்காரர்: சாவியா? காலையில் கடை திறப்பவன் வேலைக்காரப் பையன். சாவி அவன் இடுப்பில் இருக்கிறது. அவன் ஆற்றின் அக்கரையிலுள்ள டலாவுக்குப் படகேறி ஒரு மணி நேரம் ஆகிறது. பூட்டைத் திறந்தே வைத்திருந்தேனே, உன்னை யார் அழுத்தச் சொன்னது?

மாணவர்: அழுத்தாவிட்டால் ஊசல் கீழே விழுந்திருக்கும், மாமா.

கடைக்காரர்: நல்லது. பூட்டில்லாத கடைக்குக் காவலாள் வேண்டும். கையேடு மேசையில் இருக்கிறது, மொத்தம் நாற்பத்தெட்டுப் பக்கம். பெட்டிக்குள் இன்னும் இரண்டு மெழுகுவர்த்திகள் இருக்கின்றன. அவற்றின் விலையைப் பையன் காலையில் உன்னிடம் வாங்கிக்கொள்வான்.