எந்த ஒளி, எவ்வளவு ஒளி?

தோள்வலிக்காகச் சிவப்பு ஒளிக் கருவி ஒன்றை வாங்கி 3 மாதம் பயன்படுத்தினேன். வலி குறைந்தது. கருவிதான் குறைத்தது என்று சொல்ல மாட்டேன். அந்த மாதிரி வலி அத்தனை நாளில் தானாகவும் ஆறிவிடும். என்னை உறுத்தியது பெட்டியில் இருந்த ஒரு வரி: 'அழற்சியைத் தணிக்கும், நோயெதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும்.' அழற்சி என்றால் வீக்கம், சிவப்பு, சூடு, வலி; இவை எல்லாம் நோயெதிர்ப்பு மண்டலம் வேலை செய்வதன் அடையாளங்கள்தாமே? அதையே அடக்கிக்கொண்டு அதையே பெருக்குவது எப்படி?

ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கியதும், அவை ஒன்றுக்கொன்று முரண்படுவதற்குப் பெரிய காரணம் 'ஒளி' என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு சரக்குகளை அடைத்திருப்பதுதான் என்று தோன்றியது. புற ஊதாவையே எடுத்துக்கொள்வோம். வெயிலில் தோல் சிவந்து எரிவது அது உண்டாக்கும் அழற்சி; ஆனால் சொரியாசிஸ் என்ற தோல்நோய் உள்ளவர்களுக்கு 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாவைக் கொடுத்தால், தோலில் அத்துமீறும் நோயெதிர்ப்பு செல்கள் அடங்கி, தடிப்புகள் மறைகின்றன. இந்த அடக்கும் குணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1970களில் நோயெதிர்ப்பு ஆய்வாளர் மார்கரெட் கிரிப்கே நடத்திய ஆய்வுகளில், புற ஊதாவால் உண்டான தோல் கட்டிகளை மற்ற எலிகளுக்கு மாற்றிவைத்தபோது அவற்றின் உடல் நிராகரித்துவிட்டது. முன்பே புற ஊதா பட்டிருந்த எலிகளில் கட்டிகள் வளர்ந்தன. மருந்தும் ஆபத்தும் ஒரே குணம்தான். ஆகவே 'நோயெதிர்ப்பைப் பெருக்கும்' என்பது புற ஊதாவைப் பொறுத்தவரை ஏறக்குறைய தலைகீழான வாக்கியம்.

சிவப்பு ஒளியின் கதை வேறு. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், மழித்த எலிகளின் மேல் வலுக்குறைந்த லேசரைப் பாய்ச்சியபோது முடி விரைவாக வளர்ந்ததைக் கண்டார். செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி இந்த ஒளியை உறிஞ்சுவதே காரணம் என்று பல காலம் சொல்லப்பட்டது. பிறகு அந்த நொதியே இல்லாத செல்களும் ஒளிக்கு எதிர்வினை காட்டியதாக ஆய்வு வந்தது. அடிப்படை விளக்கமே சர்ச்சையில் இருக்கும்போது விளம்பரங்கள் மட்டும் உறுதியாகப் பேசுவது எனக்கு வியப்புதான்.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அளவு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 மில்லிவாட் வீதம் 100 வினாடி பாய்ச்சினால் 5 ஜூல். அதே 5 ஜூலை 10 வினாடியில் கொட்டினாலும் 10 நிமிடத்தில் சொட்டுச்சொட்டாகக் கொடுத்தாலும் விளைவு ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. குறைந்த அளவில் தூண்டும் ஒளி மிகுந்தால் தடுக்கவும் செய்கிறது. தோலோடு ஒட்டி வைத்த லேசரை ஓர் ஆய்வும், தள்ளி நின்று ஒளி வீசும் எல்.இ.டி. பலகையை இன்னோர் ஆய்வும் பயன்படுத்தியிருந்தால், இரண்டின் முடிவுகளையும் ஒரே தராசில் நிறுப்பதே தவறு. போதாததற்கு, சிவப்பு விளக்கு எரிகிறதா இல்லையா என்பது நோயாளியின் கண்ணுக்கே தெரியும்; போலிச் சிகிச்சையோடு ஒப்பிடுவது அங்கேயே பாதி தோற்றுவிடுகிறது.

இதற்காக எல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வரும் கடுமையான வாய்ப்புண்ணைத் தடுக்க, குறிப்பிட்ட சில நோயாளிகளுக்கு இந்த ஒளியைச் சர்வதேச மருத்துவ வழிகாட்டிகளே பரிந்துரைக்கின்றன. அங்கே அலைநீளம், ஜூல், எத்தனை முறை என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். என் பெட்டியில் இருந்ததோ மில்லிவாட் மட்டும். எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் அளந்தது என்ற குறிப்பு எங்கும் இல்லை. விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன். 'தினமும் 20 நிமிடம் போதும்' என்று பதில் வந்தது.