6ஆம் நம்பர் பந்து எங்கே?

அரை நாள் லீவு போட்டு, அஸ்தம்பட்டியில் பஸ் பிடித்து, நான் படித்த கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து ஆட்டம் பார்க்கப் போனேன். வயிறு எரிகிறது. பெண்களுக்கான பந்து 6ஆம் நம்பர். ஆண்களுடைய 7ஆம் நம்பரைவிடச் சிறியது, எடையும் குறைவு. போட்டியில் அதைத்தான் தருவார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகள் தினமும் பயிற்சி எடுப்பது பையன்கள் தேய்த்துப் போட்ட 7ஆம் நம்பரில்! பந்தின் மேல் பிடிப்புக்காக இருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகளே இல்லை, வழுவழுவென்று இருக்கிறது. கை அந்தக் கனத்துக்குப் பழகிவிட்டதால், போட்டியில் லேசான பந்தை எறியும்போது ஃப்ரீ த்ரோ (எதிரணி தப்பாட்டம் ஆடினால் தடுப்பார் இல்லாமல் எறியும் வாய்ப்பு) ஒவ்வொன்றும் வளையத்தின் பின்பக்கம் பட்டுத் தெறிக்கிறது. கல்லூரியில் கேட்டால் நிதி இல்லையாம். கிரிக்கெட்டுக்கு மட்டும் புது வலை எப்படி வந்தது? ஆட்டம் முடிந்ததும் பாயின்ட் கார்டாக, அதாவது ஆட்டத்தை வழிநடத்துபவராக ஆடும் பெண், "அடுத்த மேட்சுக்கும் வந்துடுங்கண்ணா" என்றாள். கட்டாயம் வருவேன்மா. அதற்குள் இரண்டு 6ஆம் நம்பர் பந்தாவது வாங்கிக் கொடுங்கள் சார்.