ஆமாம், பாப்பாக்களோடு விளையாடுகிற வேலைதான்

நம் காலேஜ் பேட்ச் மண்டபத்தில் ஒன்றுகூடிய அன்று எடுத்த அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள், அதில் மூன்று பேர் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மையோடு. பார்க்காதவர்களுக்கு நான் விளக்கப் போவதில்லை. "நம்ம பேட்ச்லயே ஜாலியான வேலை இவளுக்குத்தான், பாப்பாங்களோட விளையாடுறதுக்குச் சம்பளம் வாங்குறா" என்று நம்மோடு படித்த ஒருவன் மைக்கில் என்னைப் பற்றிச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. (இருக்கிறது. அதை அப்புறம் பார்ப்போம்.) அதற்கு விழுந்த கைதட்டல்தான் மூன்று நாளாகத் தூங்க விடவில்லை.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருக்கிற இந்த வேலைக்கு நான் படித்துவிட்டு வந்திருக்கிறேன். வேறு வேலை கிடைக்காமல் இங்கே ஒதுங்கவில்லை. கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, சரி பொழுதுபோகட்டும் என்றும் வரவில்லை. கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு, முப்பது வயதில் மறுபடி நோட்டு வாங்கி, படித்துவிட்டு வந்தேன்.

2012-ல் நாம் எல்லோரும் சேர்ந்துதான் இ.சி.இ. முடித்தோம். எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். இப்போது நான் பார்ப்பதும் இ.சி.இ.தான், ஏர்லி சைல்டுஹுட் எஜுகேஷன். இந்த ஜோக்கை நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன், அதனால் அந்த மண்டபத்தில் யாராவது அதைச் சொல்லியிருந்தால்கூட சிரித்திருப்பேன். ஆனால் ஒரு கணக்கு மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு வந்திருந்த அறுபது சொச்சம் பேரில் இன்றைக்கு எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து இரண்டு. மிச்சமெல்லாம் சாஃப்ட்வேர், பேங்க், ஒருவன் மாமனாரின் சிமெண்ட் ஏஜென்சி. அவனைப் பார்த்து "படிச்ச படிப்பு வீணாப் போச்சேடா" என்று ஒருத்தரும் கேட்கவில்லை, தோளில் தட்டிக் கொடுத்தார்கள். என்னிடம் மட்டும் நாலு பேர் கேட்டார்கள், அதுவும் துக்கம் விசாரிக்கிற குரலில்.

என்ன பெரிய படிப்பு, ஏ ஃபார் ஆப்பிள் சொல்லித்தர டிப்ளமோவா என்பீர்கள். வாருங்கள், என் முதல் வாரத்தைச் சொல்கிறேன். எங்களுக்கு வகுப்பெடுத்த டீச்சருக்கு அறுபது வயதுக்கு மேல். ஒரு தட்டில் இரண்டு சின்ன ஜாடி, ஒன்றில் அரிசி. இதிலிருந்து அதில் ஊற்றிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் எழுந்து போய், "பாருங்க குட்டி, இப்ப நாம இந்தக் கைப்பிடியைப் பிடிக்கிறோம்" என்று ஆரம்பித்தேன். நிறுத்தச் சொன்னார். "நீ பேசிட்டே இருந்தா குழந்தை உன் கையைப் பாக்குமா, வாயைப் பாக்குமா?" என்றார். வாயை மூடிக்கொண்டு, எத்தனை விரல், எந்த இடத்தில் பிடி, எங்கே ஒரு விநாடி நிற்பது, கடைசி அரிசி விழும்வரை காத்திருப்பது என்று அந்த ஒரு ஊற்றலை நான் பதினாலு தடவை செய்தேன். கோடிங் எழுதி வாங்கிய சம்பளத்தில் இத்தனை தடவை யாரும் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை.

அப்புறம் ஆல்பம். ஒவ்வொரு பொருளுக்கும் அதை எப்படிக் காட்டுவது, எந்த வயதில், எதற்கு முன், எதற்குப் பின், குழந்தை எங்கே தவறும், தவறினால் அதுவே எப்படிக் கண்டுபிடிக்கும் என்று கையால் எழுதி, படம் வரைந்து, தைத்துக் கொடுக்க வேண்டும். ராத்திரி பதினொன்றரைக்கு உப்புத்தாளில் 'ம' வெட்டி அட்டையில் ஒட்டிக்கொண்டிருப்பேன். குழந்தை இரண்டு விரலால் அதைத் தடவிக்கொண்டே சத்தத்தைச் சொல்ல வேண்டும், அதனால் சுழி கொஞ்சம் கோணினாலும் கை தப்பாகப் பழகும். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து 'ட' வெட்டித் தருவார். 'ட'தான் சுலபம், அதனால் அதை மட்டும் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று, பார்வை நேரம். வகுப்பில் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிலும் தலையிடாமல், பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். மூன்றரை வயதுப் பையன் ஒருவன் தண்ணீர் ஊற்றும்போது தட்டு முழுக்கக் கொட்டிவிட்டான். என்னைத் திரும்பிப் பார்த்தான். என் கை தானாகத் துணியைத் தேடிப் போனது, பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்தான், விரலால் ஒரு கோடு இழுத்தான், பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்து வந்து ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்தான். நாலு நிமிடம். வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு ஒரு பொம்பளை சும்மா உட்கார்ந்திருக்கிறாள். சம்பளம் வாங்கிக்கொண்டு.

டாக்டருக்குப் படித்துவிட்டுப் பாப்பாக்களோடு விளையாடப் போன ஒருத்தியின் பெயர் மரியா மாண்டிசோரி. நான் படித்தது அவருடைய முறையைத்தான். 1896-ல் மருத்துவப் பட்டம் வாங்கியவர், 1907-ல் ரோமில் ஏழைகள் குடியிருந்த பகுதியில் குழந்தைகளுக்கான வீடு ஒன்றைத் தொடங்கினார். அவர் வீட்டு ஃபங்ஷனிலும் யாராவது மைக் பிடித்திருப்பார்கள். 1939-ல் நம் அடையாறுக்கு வந்து தியோசாபிகல் சொசைட்டியில் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்தார். போர் மூண்டதால், இத்தாலிக்காரர் என்று பிரிட்டிஷ் அரசு கட்டுப்பாடு போட, 1946 வரை இந்தியாவிலேயே தங்கும்படி ஆனது, கொடைக்கானலிலும் கொஞ்ச காலம் இருந்தார். நம் ஊரில் பயிற்சி கொடுத்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் இது படிப்பா என்று கேட்கிறோம்.

சரி, அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். "அந்த டிப்ளமோவுக்கு அரசு அங்கீகாரம் இருக்கா?" தனியார் நிறுவனத்தில் படித்தது, அதை வைத்து அரசு வேலைக்குப் போக முடியாது, எனக்குத் தெரிந்துதான் படித்தேன். நீங்கள் கோடிங் கற்ற ஹைதராபாத் அமீர்பேட்டை இன்ஸ்டிட்யூட்டுக்கு என்ன அங்கீகாரம் இருந்தது என்று நான் கேட்டேனா?

"சம்பளம் எவ்வளவு?" 42,000 வாங்கிக்கொண்டிருந்தேன். இங்கே சேரும்போது 12,000. அதைச் சொன்னதும் முகத்தில் ஒரு மாதிரி வெற்றிப் புன்னகை வருமே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. கணவர் சம்பளம் இருப்பதால்தான் என்னால் முடிந்தது என்பதும் உண்மை. அது என் வெட்கமா, இந்த ஊரின் வெட்கமா என்று மட்டும் யோசியுங்கள். 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் தமிழ்நாடு அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றியபோது அவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2022-ல் வகுப்புகள் தொடராது என்றார்கள், எதிர்ப்பு வந்ததும் தொடரும் என்றார்கள், தற்காலிக ஆசிரியர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். ஐயாயிரம்! கல்வி உரிமைச் சட்டம்கூட ஆறு வயதிலிருந்துதான் பிள்ளையைக் கணக்கில் எடுக்கிறது. மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் முடிகிறது என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கொள்கையில் எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, அது வேறு பதிவு. அந்த 85-ஐப் பார்த்துக்கொள்பவளுக்கு 5,000, மிச்சம் 15-க்கு நீட் கோச்சிங்கில் லட்சம் லட்சமாகக் கட்டுகிறோம்.

மண்டபத்தில் சாப்பிடும்போது இன்னொருத்தி, நல்லவள்தான், "அது கிட்டத்தட்ட ஆயா வேலை மாதிரி தானடி?" என்றாள். சட்டென்று "நான் ஆயா இல்ல, டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் அந்தப் பதில் உறுத்தியது. எங்கள் பள்ளியில் ஒரு அக்கா இருக்கிறார். எந்தக் குழந்தை எப்போது பாத்ரூம் போகும் என்று முகத்தைப் பார்த்தே சொல்வார், என் டிப்ளமோவில் அது இல்லை. அவரைத் தாழ்த்தித்தான் நான் மேலே ஏற வேண்டியிருக்கிறது என்றால் என்னையும் அந்தக் கைதட்டல் கூட்டத்தில்தான் சேர்க்க வேண்டும். சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் கோபம் போகவில்லை.

இதைச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். போன ஜூன் மாதம் ராத்திரி பத்தே முக்காலுக்கு எனக்கு ஒரு போன் வந்தது. "பையன் மூணு வாரமா ஸ்கூல் கேட்ல விழுந்து அழறான், வாந்தி எடுக்கறான், என்ன பண்றதுன்னே தெரியல" என்று. நாற்பது நிமிடம் பேசினேன். கண் மறைவாக நழுவாதீர்கள், சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், ஒரு கர்ச்சீப்பை அவன் பையில் வையுங்கள், அழைக்க வரும் நேரத்தைக் கடிகாரத்தில் சொல்லாமல் "சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும்" என்று சொல்லுங்கள். பத்து நாள் கழித்து டாட்டா காட்டும் வீடியோ வந்தது, கூடவே "நீ தெய்வம் மச்சி" என்று. போன் செய்தது யார் என்று எழுதப் போவதில்லை. அவனுக்குத் தெரியும்.

நேற்று இரவு வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது. ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி. இன்னும் திறக்கவில்லை. நாளைக்குப் புதிதாக இரண்டு பேர் சேர்கிறார்கள், ஒரு பையன், ஒரு பொண்ணு, இரண்டும் அழும். சேலை வேண்டாம், சுடிதார்தான் போட வேண்டும். கீழே உட்கார வேண்டியிருக்கும்.