தென்காசிக் கடிதம் அம்பாசமுத்திரம் போக மதுரையைச் சுற்ற வேண்டுமா?

சிறிய ஊர்களில் இயங்கும் ஆர்.எம்.எஸ். (ரயில்வே அஞ்சல் சேவை) பிரிப்பகங்களை, அதாவது வரும் தபாலை ஊர்வாரியாகப் பிரித்து அனுப்பும் இடங்களை மூடி, அவற்றின் வேலையைத் தொலைவிலுள்ள பெரிய மையங்களோடு சேர்ப்பதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். 2024-இன் பிற்பகுதியில் இந்த இணைப்பு பற்றிய ஆணைகள் வந்தபோது கேரளத்தில் எதிர்ப்பு கிளம்பியது. மும்பையில் இருக்கும் நாமோ, அது நமக்குத் தொடர்பில்லாத அலுவலகச் செய்தி என்று கடந்துவிட்டோம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஊரோடு இன்னும் பத்திரமும் பட்டாவும் கோயில் வரியும் கல்யாணப் பத்திரிகையும் இருக்கின்றன. நாம் இங்கே பெட்டியில் போடும் உறை போய்ச் சேரும் இடம் அந்தச் சிறிய ஊர்தான் என்பதால், அங்கே ஒரு பிரிப்பகம் பூட்டப்பட்டால் நம்முடைய தபாலும் சேர்ந்தே தாமதமாகிறது.

சென்ற ஆண்டு ஊரில் பூர்வீக வீட்டைப் பாகம் பிரிக்க முடிவானது. என்னால் நேரில் போக முடியவில்லை. ஆகவே இங்கேயே பதிவு செய்த பவர் பத்திரத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து காலையும் மாலையும் கைப்பேசியில் அந்த உறையின் பயணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை அது மூன்றே நாளில் கடந்து தமிழ்நாட்டுக்குள் போய்விட்டது. பிறகு எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பெரிய மையத்தில், ‘பை பெறப்பட்டது’ என்ற ஒரே வரியோடு நின்றது. மிச்சமிருந்த அந்த நூறு கிலோமீட்டருக்கு ஆறு நாள் ஆனது. சார்பதிவாளர் அலுவலகத்தில் குறித்திருந்த நாளில் தம்பி வெறுங்கையோடு நின்றுவிட்டுத் திரும்பினான். “தபால்காரர் தினமும் வர்றாருண்ணே, நம்ம கவர்தான் அவர் கைக்கே வரல” என்று அவன் சொன்னதில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. தபால்காரர் இருக்கிறார், தபால் நிலையமும் இருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் இரவில் நடக்க வேண்டிய பிரிப்பு வேலைதான் ஊரைவிட்டு வெளியே போய்விட்டது.

அந்த வேலை எவ்வளவு முக்கியமானது என்பதை நம் பின்கோடே சொல்லும். 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான அந்த ஆறு இலக்கங்களை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவற்றில் முதல் மூன்று இலக்கங்கள் குறிப்பது, தபால் எந்தப் பிரிப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதை. தாராவியின் 400017-இல் உள்ள 400 மும்பையையும், ஊரில் நாம் எழுதும் 627 திருநெல்வேலியையும் சுட்டுகின்றன. கடைசி மூன்று இலக்கங்களுக்கு வந்த பிறகுதான் குறிப்பிட்ட தபால் நிலையம் தெரியும். அதாவது, அந்தந்த வட்டாரத்துத் தபாலை அந்த வட்டாரத்திலேயே பிரித்துவிட முடியும் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த எண்முறை முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. தென்காசி 627811, அம்பாசமுத்திரம் 627401. இரண்டும் ஒரே 627-க்குள், பேருந்தில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய தொலைவில் இருக்கின்றன. நாளை திருநெல்வேலியில் பிரிப்பு வேலை நிற்குமானால், தென்காசியில் போட்ட கடிதம் முதலில் 625-ஆன மதுரைக்கு ஏறிப்போய், அங்கே பல மாவட்டத்து மூட்டைகளோடு வரிசையில் கிடந்து, மறுபடியும் இறங்கி வந்துதான் அம்பாசமுத்திரத்தை அடைய வேண்டும். இதற்குச் சீரமைப்பு என்று பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் இதை வரைபடத்தைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. வேலைக்கு மனுப்போட்டுக்கொண்டிருந்த இளவயதில், மறுநாளே கடைசித் தேதி என்ற நிலையில், இரவு ஒன்பது மணிக்கு மேல் திருநெல்வேலி சந்திப்பு ஆர்.எம்.எஸ். கவுண்டருக்கு ஓடியிருக்கிறேன். ஊரெல்லாம் தபால் நிலையங்கள் அடைத்துவிட்ட நேரத்தில் அந்த ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கு எரியும். உள்ளே சுவர் நெடுகச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்த மர அடுக்கு; அதன் முன்னால் நின்ற ஊழியர் இடக்கையில் ஒரு கட்டுக் கடிதத்தை வைத்துக்கொண்டு, முகவரியின் மேல் மட்டும் கண்ணை ஓட்டி, அடுக்கைப் பார்க்காமலே ஒவ்வொன்றையும் அதனதன் அறைக்குள் எறிந்துகொண்டிருந்தார். அன்று என் மனுவோடு, ஆச்சி என் அத்தைக்கு எழுதிய கடிதத்தையும் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, வெறும் புதூருன்னு போட்டிருக்கே. விளாத்திகுளம் புதூரா, செங்கோட்டைப் புதூரா?” என்று கேட்டு, தாலுகாவின் பெயரை என்னையே எழுதவைத்து வாங்கிக்கொண்டார்.

பின்கோடு எழுதப்படாத, தமிழில் கிறுக்கலாக முகவரி எழுதிய உறைகள் இன்றும் வருகின்றன. அவற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களுடைய கையெழுத்தைப் படித்து, எந்தப் புதூர் என்று யோசிக்கும் அந்த ஊழியருக்கு அந்த மண்ணோடு பழக்கம் இருந்தது. நாள்தோறும் மூட்டை மூட்டையாக வந்து குவியும் பெரிய மையத்தில், அந்த ஊர்ப்பக்கமே வந்திராத ஒருவரிடம் அதை எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமில்லை.

கடிதங்கள் குறைந்துவிட்டன, செலவு கட்டுப்படியாகவில்லை என்று அரசுத் தரப்பில் சொல்வதை நான் மறுக்கவில்லை. கைப்பேசி வந்த பிறகு என் வீட்டிலேயே நலம் விசாரிக்கும் கடிதம் நின்றுவிட்டது. ஆனால் வங்கி அட்டை, வழக்கறிஞர் நோட்டீஸ், நேர்முகத் தேர்வு அழைப்பு, பாஸ்போர்ட் ஆகியவை இன்றும் தபாலில்தான் வருகின்றன, பார்சல்களும் வருகின்றன. 2025-இல் பதிவுத் தபாலையும் ஸ்பீட் போஸ்டையும் ஒன்றாக இணைத்த பிறகு, நிதானமாகப் போனால் போதும் என்று குறைந்த கட்டணத்தில் பதிவுத் தபால் அனுப்பும் வழியும் அடைபட்டுவிட்டது. வேகத்துக்கான கட்டணத்தை எல்லாரிடமும் வாங்கும் துறை, அந்த வேகத்தைத் தரக்கூடிய பக்கத்துப் பிரிப்பகத்தை மூடுவது எந்த வகையில் பொருந்தும்? இந்தியாவில் இருக்கும் 1,64,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் நிலையங்களில் பத்தில் ஒன்பது கிராமப்புறத்தில் இருப்பவை. மிச்சப்படுத்தும் பணம் துறையின் கணக்கில் வரவாகத் தெரியலாம். பதிவு அலுவலகத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியவனின் ஒருநாள் கூலியும் பேருந்துக் காசும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பெரிய மையம் என்றால் வேகம் கூடும் என்பதும் நிரூபணமான உண்மை அல்ல. அமெரிக்க அஞ்சல் துறை 2021-இல் அறிவித்த பத்தாண்டுத் திட்டத்தின்படி, வட்டார மையங்களின் வேலையைப் பெரிய மையங்களுக்கு மாற்றத் தொடங்கியது. 2023-இல் ரிச்மண்டிலும் 2024-இல் அட்லாண்டா அருகிலும் அப்படித் திறந்த மையங்களைச் சுற்றியிருந்த பகுதிகளில், குறித்த நாளில் தபால் போய்ச்சேரும் விகிதம் படுமோசமாகச் சரிந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் இரு கட்சிகளிலிருந்தும் கேள்வி எழுப்பியதால், 2024 மே மாதத்தில் மீதி மாற்றங்களை 2025 ஜனவரி வரை நிறுத்திவைப்பதாக அத்துறையின் தலைவரே அறிவிக்க நேர்ந்தது. அங்கே ஒரு மையத்தின் வேலையை மாற்றுவதற்கு முன் மக்கள் கருத்துக் கூட்டமாவது நடத்துகிறார்கள். இங்கே ஒரு சுற்றறிக்கையோடு முடிந்துவிடுகிறது. அந்த ஊர்க்காரருக்கே பூட்டைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. எந்தப் பிரிப்பகத்தையும் இணைப்பதற்கு முன், அந்த வட்டாரத்துக்குள்ளேயே புழங்கும் தபால் எவ்வளவு, அது இப்போது எத்தனை நாளில் சேர்கிறது, இணைத்த பின் எத்தனை நாளாகும் என்பதைத் துறை எழுத்தில் வெளியிட வேண்டும். ஏற்கெனவே இணைத்த இடங்களில் நாட்கள் கூடியிருந்தால், பழைய பிரிப்பகத்தை மீண்டும் திறக்க வேண்டும். உள்வட்டாரத் தபாலை மட்டுமாவது அங்கேயே பிரிக்கும் இரவு ஷிப்ட் ஒன்றை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கக்கூடாது.

மும்பைத் தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வரும் உறைகளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அஞ்சல் முத்திரையில் உள்ள தேதியையும் உங்கள் கைக்கு வந்த தேதியையும் உறையின் பின்புறம் குறித்து, பெயரையும் முகவரியையும் மறைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இரண்டு மாதத்துக்கு அவற்றைத் தொகுத்து, இங்குள்ள அஞ்சல் வட்டத் தலைமைக்கும் சென்னைக்கும் மனுவாக அனுப்பப் போகிறேன். என்னிடம் இப்போது பதினொரு உறைகள் இருக்கின்றன.