லத்தீன் தெரியாத பாதிரியார்

சரி, ஞாயிற்றுக்கிழமை என் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்தீர்கள், திரும்பச் சொல்லவில்லை. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அரபு அறிஞர் எட்வர்ட் போகாக்கைப் பற்றி ஆசையாக நாலு பத்தி எழுதினேன். "சொந்த ஊர்க்காரனே லத்தீன் தெரியாது என்று சொன்ன ஆள் மேதையா? சரக்கு இல்லாதவன் எளிமை வேஷம் போடுவது எல்லா நாட்டிலும் உண்டு" என்று ஒருவர் எழுதினார். அதற்கு 31 சிரிப்புப் பொம்மை. என் பதிவுக்கு 19 லைக். இருக்கட்டும்.

அந்த லத்தீன் கதையைச் சொன்னதே நான்தான் என்பதுதான் கொடுமை. போகாக் பெர்க்‌ஷரில் சில்ட்ரி என்ற கிராமத்தில் பாதிரியார். அந்தப் பக்கம் வந்த அவருடைய நண்பர் ஒருவர், உங்கள் பாதிரியார் எப்படி என்று ஊராரிடம் விசாரித்தாராம். நல்ல மனுஷன், வெள்ளந்தி, ஆனால் லத்தீன் படித்தவர் இல்லை என்று பதில் வந்ததாம். ஏன் அப்படி நினைத்தார்கள்? உழவர்களுக்கு முன்னால் நின்று அவர் கிரேக்கத்தையும் எபிரெயத்தையும் எடுத்து விடவில்லை. அவர்களுக்குப் புரிகிற மாதிரி பேசினார். அவ்வளவுதான் குற்றம்.

அந்த 'லத்தீன் தெரியாதவர்' யார்? 1604இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர். 1630இல் ஆங்கில வணிகர்களுக்குப் பாதிரியாராக சிரியாவின் அலெப்போ நகரத்துக்குப் போய், ஷேக் ஃபதல்லாவிடம் அரபு படித்தவர். 1634இல் அங்கே கொள்ளைநோய் வந்தபோதும் ஊரைவிட்டு ஓடாதவர். 1636இல் ஆக்ஸ்போர்டின் முதல் அரபுப் பேராசிரியர், 1648இல் எபிரெயப் பேராசிரியர். இத்தனையும் வைத்துக்கொண்டு கிராமத்தில் போய் எளிமையாகப் பேசினார். எளிமையாகப் பேசினார் என்றால் தெரியாமல் பேசினார் என்று அர்த்தமில்லை ஐயா. இதை எத்தனை தடவை சொல்வது!

ஊரார் சொன்னதாவது போகட்டும். உள்நாட்டுப் போரில் மன்னரை வீழ்த்திய கிராம்வெல் ஆட்சியில் தகுதியில்லாத பாதிரிமாரை நீக்க ஆணையர்களைப் போட்டார்கள். அவர்கள் 1655இல் போகாக்குக்கு அறிவு போதாது என்று வெளியேற்றப் பார்த்தார்கள். அதே ஆண்டில் அவருடைய 'போர்டா மோசிஸ்' வெளிவருகிறது. மத்தியகால யூத அறிஞர் மைமோனிடஸ் எபிரெய எழுத்தில் அரபு மொழியில் எழுதியது, பக்கத்திலேயே மொழிபெயர்ப்பு. எந்த மொழியில் என்று நினைக்கிறீர்கள்? லத்தீனில்! கடைசியில் எதிர் முகாமான கிராம்வெல் பக்கத்தைச் சேர்ந்த ஜான் ஓவனே, அப்போது ஆக்ஸ்போர்டின் துணைவேந்தர், இன்னும் சில அறிஞர்களைக் கூட்டிக்கொண்டு போய், இந்த ஆளை அறிவு போதாது என்று துரத்தினால் ஊர் சிரிக்கும் என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

அது அரசியல், அப்போது தடைசெய்திருந்த இங்கிலாந்துத் திருச்சபை ஜெபப் புத்தகத்தின் வாசகங்களை அவர் ஆராதனையில் சேர்த்தார் என்பீர்கள். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அதைச் சொல்லித் தள்ளியிருக்க வேண்டியதுதானே? 'அறிவில்லை' என்பது எதற்கு? எளிமை வேஷக்காரர்களே கிடையாதா என்றால், உண்டு. அதனால் என்ன?

வெள்ளைக்காரப் பாதிரிக்கு உனக்கென்ன வக்காலத்து என்று இன்னொருவர். நபியின் காதருகே பறந்து வரப் பழக்கிய புறா என்று அவரை மட்டம் தட்டும் ஒரு கதையை, டச்சு அறிஞர் க்ரோஷியஸ் கிறிஸ்தவத்தை ஆதரித்து எழுதிய தன் நூலில் எழுதியிருந்தார். இதற்கு ஆதாரம் எங்கே என்று போகாக் க்ரோஷியஸையே கேட்டார். இஸ்லாமிய நூல் எதிலும் இல்லை என்று தெரிந்ததும், 1660இல் வெளிவந்த, அந்த நூலுக்குத் தான் செய்த அரபு மொழிபெயர்ப்பில் அதைத் தூக்கிவிட்டார். தன் கட்சிக் கதைதானே என்று விட்டுவைக்கவில்லை. இப்படிப்பட்ட ஆளுக்கு வக்காலத்து வாங்காமல் யாருக்கு வாங்குவது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டில்கூடக் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு கல்லூரியில் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கப் போனேன். இங்கிலாந்து உள்நாட்டுப் போரை, பாதிரியாருக்குக் கட்ட வேண்டிய தசமபாகத்துக்காக ஒரு கிராமம் எப்படிச் சண்டை போடும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பிள்ளைகள் மணி அடித்த பிறகும் கேள்வி கேட்டார்கள். நேர்முகக் குழுவில் ஒருவர், "இவ்வளவு சாதாரணமா சொன்னா பசங்க மதிக்க மாட்டாங்க சார், இதுல கனம் எங்க இருக்கு?" என்றார். எட்டு வெளிநாட்டு அறிஞர்களின் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பித்தவருக்கு வேலை கிடைத்தது. நான் வீட்டுக்கு வந்து, பஸ் லேட்டாகிவிட்டது, நேரத்துக்குப் போக முடியவில்லை என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். கடைசி வரை அவருக்கு உண்மை தெரியாது.

நேற்று ராத்திரி அந்த 31 பேரையும் ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தேன், வேறு வேலை இல்லை பாருங்கள். கனம் கேட்ட அந்த மனிதரும் அதில் இருக்கிறார். நட்புப் பட்டியலில் இருக்கிறார். கோரிக்கை அனுப்பியதும் நான்தான்.